பன்னிரண்டு சொற்களுக்கு ஒரு பூட்டு

இலங்கையின் மலையகத்தில் கோப்பிக் காலத்தின் பிற்பகுதியிலும் தேயிலை வந்த பிறகு பல பத்தாண்டுகளிலும், தொழிலாளர்கள் தோட்டம் மாற வேண்டுமென்றால் ஒரு காகிதம் வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். இந்தக் கங்காணியின் ஆட்கள் மேல் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கையொப்பம் வைத்த சீட்டு அது. புதிய தோட்டத்துத் துரை கடனைக் கட்டுவார். கடனும் ஆட்களும் சேர்ந்தே கைமாறுவார்கள். துண்டு இல்லாமல் வந்தவருக்கு வேலை கிடைப்பது அரிது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவதோ 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம்.

யாருடைய வாழ்க்கையை அந்தத் துண்டு தீர்மானித்ததோ, அவர் கையில் அது இருந்ததில்லை. ஆட்களைத் திரட்டி வந்து மேற்பார்த்த கங்காணியின் மடியில் இருந்தது. அதில் எழுதிய தொகை சரியா தவறா என்று பார்க்கப் பெரும்பாலானோருக்கு எழுத்தும் தெரியாது. 1921இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு பொருளும் வந்தது: தகரச் சீட்டு. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்களுக்குக் கொடுத்த சிறிய உலோக வில்லை. கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு துளை. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்து, தோட்டத்தின் எண், ஆளின் எண் ஆகியவை அதில் பொறித்திருக்கும். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை அது சொன்னது. வழியில் பார்க்கிற எவரும் அதைப் படிக்கலாம்.

ஆளைக் குறிக்கும் எண் ஊரறியக் கழுத்தில் தொங்கியது. அவரை நகர்த்தும் அதிகாரம் இன்னொருவர் மடியில் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால், இன்று ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஓர் இளைஞர் தன் மடிக்கணினியின் உலாவியில் நிறுவியிருக்கும் கிரிப்டோ பணப்பையைப் புரிந்துகொள்ளப் பாதி வழி வந்துவிட்டோம். அதிலும் இரண்டு இருக்கின்றன. முகவரி என்பது தகர வில்லையைப் போல வெளிப்படையானது; யாருக்கும் கொடுக்கலாம். பணத்தை நகர்த்துவது தனித் திறவுகோல் என்ற இரகசிய எண். அந்த எண்ணை மடியில் வைத்திருப்பவர் உடையவர் மட்டுமே. கங்காணி இல்லை, வங்கி இல்லை, பணப்பையைத் தயாரித்த நிறுவனமும் இல்லை. ஒரு சாதாரண உலாவியின் மூலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன நிரல் இதை எப்படிச் சாதிக்கிறது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

இது யாரையும் வாங்கத் தூண்டும் கட்டுரை இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 வரை ஏறியபோது, வெளிநாட்டு வேலைகளை இணையத்தில் செய்யும் இளைஞர்கள் பலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இலங்கை மத்திய வங்கி இதன் ஆபத்துகளைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டைகளால் கிரிப்டோ நாணயம் வாங்க நாட்டில் அனுமதியும் இல்லை. ஆனாலும் இரகசியத்தைக் காப்பது எப்படி என்ற கேள்வி கிரிப்டோவை விடப் பெரியது.

நீட்சி எனப்படும் அந்தச் சின்ன நிரலை உலாவியில் நிறுவியதும் அது செய்யும் முதல் வேலை, தனித் திறவுகோலுக்கு மூலமாகும் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பது. பூச்சியமும் ஒன்றுமாக 128 இடங்கள் கொண்ட எண். கணினிக்குள் நடக்கும் ஒழுங்கற்ற சிறு நிகழ்வுகளையெல்லாம் இயங்குதளம் சேர்த்துக் கலக்கி வைத்திருக்கும்; அங்கிருந்து இந்த எண் பிறக்கிறது. இப்படி வரக்கூடிய எண்களின் மொத்தத்தை எழுதினால் 39 இலக்கம் வரும். நொடிக்கு லட்சம் கோடி எண்களைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டு. எல்லா எண்களையும் சோதித்து முடிக்க அந்த இயந்திரத்துக்கு அப்படிப்பட்ட ஆயுள் கிட்டத்தட்ட 78 கோடி வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த எண்ணை எந்த அலுவலகத்திலும் பதிவதில்லை. வேறு யாருக்காவது இதே எண் கிடைத்துவிட்டதா என்று யாரும் பார்ப்பதும் இல்லை. பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு வெளி அவ்வளவு பெரியது. நோர்வூட்டில் ஒருவரும் நைரோபியில் ஒருவரும் ஒருவரையொருவர் அறியாமல், எந்த அதிகாரியையும் கேட்காமல், ஒரே நேரத்தில் ஆளுக்கொரு எண்ணை எடுத்துக்கொள்ளலாம், மோதல் வராது. 1948இன் குடியுரிமைச் சட்டம் கேட்டதற்காகத் தகப்பன் பிறந்த பதிவைத் தேடி, பாட்டன் பிறந்த பதிவைத் தேடி அலைந்து, தாள் கிடைக்காததால் நாடற்றவர்களான மக்களின் பேரப்பிள்ளைகள் வாழும் மலையில், பதிவாளரே தேவைப்படாத ஓர் உடைமைச் சான்று இருக்கிறது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

128 பூச்சியங்களையும் ஒன்றுகளையும் பிழையில்லாமல் தாளில் எழுதி வைக்க மனிதரால் முடியாது. அதனால் 2013இல் பிப்-39 என்ற நியமம் வந்தது. 128 இடங்களோடு சரிபார்ப்புக்காக நான்கு இடங்களைச் சேர்த்து 132 ஆக்கி, பதினொன்று பதினொன்றாக வெட்டினால் பன்னிரண்டு துண்டம். பதினொரு இடங்களில் 2,048 வெவ்வேறு எண்கள் அமையும். ஆகவே 2,048 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தால் ஒவ்வொரு துண்டத்துக்கும் ஒரு சொல். பன்னிரண்டு சாதாரணச் சொற்களில் முழு இரகசியமும் அடங்கிவிடுகிறது. ஆங்கிலப் பட்டியலில் எந்தச் சொல்லையும் முதல் நான்கு எழுத்தை வைத்தே அடையாளம் காணலாம். எழுத்துக்கூட்டல் கொஞ்சம் பிசகினாலும் மீட்டுவிடலாம். ஒரு சொல்லையே மாற்றி எழுதிவிட்டால், பதினாறில் பதினைந்து தடவை சரிபார்ப்பு அதைக் காட்டிக்கொடுக்கும். நியமத்தில் பத்துப் பட்டியல்கள் இருக்கின்றன: ஜப்பானியம், கொரியம், செக் உட்பட. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. தோட்டப் பாடசாலையில் படித்த ஒருவர் தன் சேமிப்பின் உயிரை ஆங்கிலச் சொற்களாகவே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஏழு கோடிக்கு மேற்பட்டவர்கள் பேசும் மொழிக்கு 2,048 சொற்களைத் தேர்ந்து கொடுப்பது பெரிய வேலையில்லை. யாராவது செய்ய வேண்டும்.

பன்னிரண்டு சொற்கள் கிடைத்துவிட்டன. நீட்சி அவற்றைக் கணினியில் எங்கோ வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்யவேண்டி வரும். உலாவி தன் கோப்புறைக்குள் ஒவ்வொரு நீட்சிக்கும் ஒரு சிறு சேமிப்பிடம் கொடுத்திருக்கிறது. ஓர் இணையத்தளத்தால் அந்த இடத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு நீட்சியால் இன்னொன்றின் இடத்துக்குள்ளும் போக முடியாது. ஆனால் வன்தட்டைப் பொறுத்தவரை அது வெறும் கோப்பு. கணினியில் புகுந்துவிட்ட ஒரு கெட்ட நிரல் அதை நகலெடுத்து அனுப்பிவிடலாம். பழுது பார்க்கக் கொடுத்த கடையில் யாரோ ஒருவரும் எடுத்துவிடலாம். ஆகவே கோப்பு களவு போகும் என்று எண்ணித்தான் வடிவமைக்க வேண்டும். களவு போனாலும் பயனில்லாத கோப்பாக அது இருக்க வேண்டும்.

இங்கேதான் கடவுச்சொல் வருகிறது. 2016இல் வெளிவந்து உலகில் மிகப் பரவலாகிவிட்ட மெட்டாமாஸ்க் பணப்பையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் தரும் கடவுச்சொல்லை அது எங்கும் சேமிப்பதில்லை. கடவுச்சொல்லோடு தற்செயலாகப் பிறந்த இன்னொரு எண்ணையும் கலந்து, சுருக்குச் சார்பு என்ற கணக்குக்குள் அனுப்புகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்குள் போன கொழுந்து திரும்ப இலையாக வராதது போல, இந்தக் கணக்குக்குள் போனதைப் பின்னோக்கி மீட்க வழி தெரியாது. வெளியே வந்ததை மறுபடி உள்ளே அனுப்பி, அதை மறுபடி அனுப்பி, இப்படி 6 லட்சம் சுற்று. ஆரம்ப ஆண்டுகளில் 10,000 சுற்றுதான் இருந்தது. கணினிகளின் வேகம் கூடக் கூட உயர்த்தினார்கள். கடைசியில் கிடைக்கும் 256 இட எண்தான் பூட்டின் சாவி. அதைக் கொண்டு ஏஇஎஸ் என்ற முறையில் பன்னிரண்டு சொற்களைக் குழப்பி எழுதிவிட்டு, சாவியை மறந்துவிடுகிறது. கோப்பில் மிஞ்சுவது குழம்பிய எழுத்தும், கலந்த அந்தத் தற்செயல் எண்ணும் இன்னும் சில விவரங்களும்தான். அந்தத் தற்செயல் எண் வெளியே தெரிவதில் ஆபத்தில்லை. ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் இருவரின் சாவிகளும் வேறுவேறாக அமைய வேண்டும், திருடன் முன்கூட்டியே ஒரு பட்டியல் தயாரித்து வைக்கக்கூடாது என்பதற்காக மட்டுமே அது இருக்கிறது.

ஆறு லட்சம் சுற்று எதற்கு? உங்களுக்கு அது ஒரு கணத் தாமதம். திருடனுக்கு அப்படியல்ல. வீட்டில் விளையாட்டுக்காக வாங்கும் விலையுயர்ந்த வரைகலை அட்டை ஒன்று நொடிக்கு 2,000 கோடி சுருக்குக் கணக்குகளைச் செய்யும். சிறிய எழுத்துகள் எட்டே கொண்ட ஆங்கிலக் கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 20,900 கோடி. ஒரே ஒரு சுற்று என்றால் பத்து நொடியில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். 6 லட்சம் சுற்று வைத்ததும், ஒரு சுற்றுக்கு இரண்டு கணக்கு வீதம், அதே அட்டையால் நொடிக்கு ஏறக்குறைய 16,000 கடவுச்சொற்களைத்தான் சோதிக்க முடிகிறது. பத்து நொடி வேலை ஐந்து மாதமாகிவிடுகிறது.

இந்தக் கணக்கு நல்ல கடவுச்சொல்லுக்குத்தான் துணை நிற்கும். மலையகத்திலும் மற்ற இடங்களிலும் மிகப் பலர் கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கிறார்கள். இலங்கைக் கைபேசி எண் 07 என்று தொடங்கும். மீதி எட்டு இலக்கம். மொத்தம் பத்துக் கோடி எண்கள். நொடிக்கு 16,000 வீதம் பார்த்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பிள்ளையின் பிறந்த தேதி என்றால், நூறு ஆண்டுகளிலும் உள்ள தேதிகளே 36,525தான். மூன்று நொடியில் கதை முடிந்துவிடும். பிரபஞ்சத்தின் ஆயுளையே பல கோடி முறை வேண்டி நிற்கும் இரகசியத்தை, மூன்று நொடிப் பூட்டுக்குள் வைத்தால் அதன் வலிமை மூன்று நொடிதான். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோர்த்து எழுதிய நீண்ட கடவுச்சொல் எவ்வளவோ மேல். ஆனால் அவை நாலு பேருக்குத் தெரிந்த பாட்டு வரியாகவோ பழமொழியாகவோ இருக்கக்கூடாது.

இன்னொரு நுட்பம். கடவுச்சொல்லைத் தவறாக அடித்தால் பணப்பை உடனே சொல்லிவிடுகிறது. சேமித்தே வைக்காத கடவுச்சொல்லை எதோடு ஒப்பிட்டது? எதோடும் ஒப்பிடவில்லை. பூட்டும்போதே குழம்பிய எழுத்தோடு அது ஒரு முத்திரையையும் கணக்கிட்டு எழுதியிருந்தது. சரியான சாவி போட்டால் மட்டும் முத்திரை பொருந்தும். தவறான கடவுச்சொல் தவறான சாவியைத் தரும், முத்திரை பொருந்தாது. கோப்பில் ஓர் எழுத்தை யாராவது மாற்றியிருந்தாலும் இதே முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். உண்மையைத் தெரிந்துவைத்திருக்கும் காவலாளி எவரும் இல்லாமலே பொய்யை மறுக்கிற ஏற்பாடு இது.

பூட்டியிருக்கும்வரை சரி. திறந்தபின் என்ன? கையொப்பமிட வேண்டுமானால் இரகசியம் கொஞ்ச நேரமாவது கணினியின் நினைவகத்தில் வெளிப்படையாக இருந்தே ஆகவேண்டும். உலாவி நீட்சிகளின் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். நீட்சிகளை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஓர் எழுத்துச்சரத்தை உண்டாக்கிவிட்டால் அதை நாமாக அழிக்க முடியாது. உலாவி எப்போது குப்பை கூட்டுமோ அப்போதுதான் போகும். அதுவரை நகல்கள் நினைவகத்தில் அங்கங்கே கிடக்கும். அதனால் கவனமான நிரலாளர்கள் இரகசியத்தை எழுத்தாக வைக்காமல், வேலை முடிந்ததும் பூச்சியத்தால் நிரப்பிவிடக்கூடிய எண்வரிசையாக வைக்கிறார்கள். குரோம் உலாவியின் புதிய விதிப்படி, நீட்சியின் பின்னணி நிரல் 30 நொடி சும்மா இருந்தால் உலாவி அதை நிறுத்திவிடும். அதன் நினைவும் போய்விடும். ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் கடவுச்சொல் கேட்டால் எவரும் பயன்படுத்தமாட்டார்கள். அதற்காக 2022இல் ஒரு தனிச் சேமிப்பிடம் வந்தது: நினைவகத்தில் மட்டும் இருப்பது, வன்தட்டில் எழுதப்படாதது, உலாவியை மூடினால் மறைந்துவிடுவது.

இரகசியம் நீட்சியை விட்டு வெளியே போவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தளம் இந்தப் பணத்தை அனுப்பு என்று கேட்டால், கோரிக்கை மட்டும் நீட்சிக்குள் வரும். உள்ளே திறவுகோல் கையொப்பத்தைக் கணக்கிடும். கையொப்பம் மட்டும் வெளியே போகும். அந்தக் கையொப்பத்தை உலகமே சரிபார்க்கலாம், ஆனால் அதிலிருந்து திறவுகோலைக் கண்டுபிடிக்க இன்று அறிந்த எந்த முறையாலும் இயலாது. ஆகவே திருடர்களில் கெட்டிக்காரர்கள் பூட்டை உடைக்க முயல்வதில்லை. உரியவரையே ஏமாற்றிக் கையொப்பம் வாங்குகிறார்கள். பன்னிரண்டு சொற்களைக் கேட்கும் தளம் எதுவானாலும் அது திருட்டுத் தளம். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

கணிதம் உடைந்து களவு போனதாக எனக்குத் தெரிந்த நிகழ்ச்சி எதுவும் இல்லை. உடைந்ததெல்லாம் கணிதம் என்ற பூட்டைச் சுற்றியிருந்த மரக்கதவுதான். 2022 ஓகஸ்டில் சொலானா வலையமைப்பின் ஸ்லோப் என்ற பணப்பையில், பிழைகளைக் கண்டறிய அனுப்பும் பதிவுக் குறிப்புகளோடு பயனர்களின் இரகசியச் சொற்களும் மறையாக்கம் இல்லாமல் ஒரு சேவையகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பணப்பைகள் காலியான களவை ஆராய்ந்தபோது இது தெரியவந்தது. அதே ஆண்டு ஜூனில் ஹால்போர்ன் என்ற பாதுகாப்பு நிறுவனம் வேறொன்றை வெளியிட்டது. உலாவி திடீரென்று மூடிவிட்டால் நாம் தட்டச்சு செய்ததைத் திரும்பத் தருவதற்காக, உலாவியே அவ்வப்போது பெட்டிகளில் உள்ளதை வன்தட்டில் எழுதி வைக்கும். பணப்பையை மீட்க உள்ளிட்ட பன்னிரண்டு சொற்களையும் அது அப்படியே எழுதி வைத்திருந்தது. அத்தனை சுற்றுப் பூட்டுக்குப் பக்கத்திலேயே திறந்த தாள்.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. 2022 நவம்பரில் லெட்ஜர் நிறுவனத்தின் டோன்ஜோன் ஆய்வுக் குழு, டிரஸ்ட் வொலட் என்ற பணப்பையின் உலாவி நீட்சி எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறையில் குறை கண்டது. பார்வைக்கு அதே பன்னிரண்டு சொற்கள். ஆனால் அவற்றை உண்டாக்கிய கணக்கின் தொடக்கம் வெறும் 32 இடங்கள் கொண்ட எண். 39 இலக்க வெளி சுருங்கி 429 கோடி ஆகிவிட்டது; அத்தனையையும் ஒரு நாளுக்குள் சோதித்துவிடலாம். நிறுவனம் திருத்திவிட்டது, 2023 ஏப்ரலில் செய்தி வெளியானது. அந்தப் பதிப்பில் பிறந்த சொற்களை எவ்வளவு பத்திரமாக இரும்புப் பெட்டியில் வைத்திருந்தாலும் பயனில்லை. அவற்றைக் கைவிட்டுப் புதிய பணப்பைக்கு மாறியே ஆகவேண்டும்.

களவைப் போலவே இழப்பும் ஆபத்து. சொற்கள் தொலைந்து, கணினியும் கெட்டுவிட்டால் மனுக் கொடுக்க இங்கே அலுவலகம் கிடையாது. எவரும் தடுக்க முடியாத உடைமைக்கு எவரும் மீட்டுத்தர முடியாமையும் உடன்பிறப்பு. ஆகவே பன்னிரண்டு சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்வார்கள். சொல்பவர்கள் லயக் காம்பராவைப் பார்த்ததில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு வரிசையையே கொண்டுபோய்விடும். கூரை ஒழுகும், மாதக்கணக்கில் ஈரம் காயாது. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு மக்களும் அவர்கள் பெட்டியில் வைத்திருந்த பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. இங்கே ஒரே தாள் போதாது. இரண்டு நகல் எடுத்தால் திருடனுக்கும் இரண்டு வாய்ப்பு.

பலர் செய்யும் யோசனை, பன்னிரண்டை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்தில் வைப்பது. இது இரண்டு வகையில் கெட்டது. ஒரு பகுதி தொலைந்தால் உரியவருக்கே மீட்பது கடினம். திருடனுக்கு இரண்டு பகுதி கிடைத்துவிட்டாலோ, மிஞ்சிய நான்கு சொற்களுக்குச் சரிபார்ப்பையும் கழித்தால் சுமார் 1.1 லட்சம் கோடி வழிகள்தான். கணினி வசதி உள்ளவருக்கு அது எட்டக்கூடிய எண்.

இதற்கு மறையாக்க அறிஞர் அடி ஷமிர் 1979இலேயே விடை எழுதிவிட்டார். கட்டத்தாளில் இரகசிய எண்ணை நிமிர்ந்த அச்சின் மீது ஒரு புள்ளியாக வையுங்கள். அதன் வழியாக, தற்செயலான சாய்வில் ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டின் மேல் வேறு மூன்று புள்ளிகளைக் குறித்து மூன்று பேரிடம் கொடுத்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடுங்கள். எந்த இரண்டு புள்ளி சேர்ந்தாலும் கோடு திரும்ப வந்துவிடும், அது அச்சை வெட்டும் இடத்தில் இரகசியம் இருக்கும். ஒன்று தோட்டத்து வீட்டில், ஒன்று ஹட்டனில் வங்கிப் பெட்டகத்தில், ஒன்று கொழும்பில் வேலை செய்யும் அக்காவிடம். லயம் எரிந்தாலும் மற்ற இரண்டு போதும். உண்மையில் தாளுக்குப் பதிலாக, எண்கள் ஓர் எல்லைக்குள்ளேயே சுற்றிவரும் கணிதத்தில் இதைச் செய்கிறார்கள். சில வன்பொருள் பணப்பைகளில் இந்த வசதி ஏற்கனவே இருக்கிறது, உலாவி நீட்சிகளில் பரவலாக வரவில்லை. ஒரு புள்ளியை மட்டும் திருடியவருக்கு என்ன தெரியும்? ஒரு புள்ளி வழியாக எல்லாச் சாய்விலும் கோடு போகும். அச்சில் எந்த இடத்தையும் வெட்டும். 39 இலக்க வெளியிலிருந்து ஒரே ஓர் எண்ணைக்கூட அவரால் கழிக்க முடியாது.